சவேரியாரின் ரூம்மேட்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு பாதியிலேயே கிடந்த பதிவு இது. சரித்திரம்னு ஆரம்பிச்சு நடுவுல சொந்தக் கதையும் எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கங்க :-)

எங்க பக்கம், அதாவது திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்கள்ல, சவேரியார்ங்கிற பேரைக் கேட்காம யாரும் வளர்ந்திருக்க முடியாது. சவேரியார் கோயில், சவேரியார் பள்ளிக்கூடம், தெருவுக்கு ரெண்டு சேவியர். நாங்க சி.எஸ்.ஐ.ங்கறதால வீட்டுல புனிதர்கள் பேச்சு அதிகம் வராது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர் 1542-ல முத்துக்குளித்துறைக்கு வந்தவர், உடல் கோவாவுல இருக்கு, அவ்வளவுதான். அவரும் ஒரு காலத்துல ஹாஸ்டல் பையனா இருந்தவர், அவரோட ரூம்மேட் ஒருத்தர் மனசு படுத்துன பாட்டுல வருஷக்கணக்கா தவிச்சவர்ங்கறது இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கும்போதுதான் தெரிஞ்சது. எப்படித் தெரிஞ்சதுன்னு அப்புறம் சொல்றேன்.

முதல்ல அந்த ரூம்.

பாரிஸ் பல்கலைக்கழகத்துல சேந்த் பார்ப்னு ஒரு கல்லூரி. அங்கே ஒரே அறையில ரெண்டு மாணவர்கள், கூடவே அவங்க ஆசிரியர் பெஞ்ஞா. ஒரு மாணவர் பிரான்சிஸ் சேவியர். நவார் நாட்டுல கோட்டை வீட்டுல பிறந்தவர், விளையாட்டு வீரர், கொஞ்சம் செலவாளி. இன்னொருத்தர் பீட்டர் ஃபேபர். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல சவோய்ங்கிற பகுதி, ஆடு மேய்க்கிற குடும்பம், படிக்கணும்னு அழுது அடம்பிடிச்சு பள்ளிக்கூடம் போனவர். ரெண்டு பேரும் 1506 ஏப்ரல்ல பிறந்தவங்க. ஒருத்தர் 7-ஆம் தேதி, இன்னொருத்தர் 13-ஆம் தேதி. ஆறே நாள் வித்தியாசம்! ரெண்டு பேரும் 1525-ல பாரிஸ் வந்தாங்க.

1529-ல இந்த அறைக்கு மூணாவதா ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். வயசு 38 இருக்கும். கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார். பேரு இனிகோ. பின்னாடி இஞ்ஞாசியார்னு உலகத்துக்கே தெரிஞ்சவர், சேசு சபையைத் தொடங்கினவர். அப்போ அவர் லத்தீனும் அரிஸ்டாட்டிலும் தகராறு பண்ற ஒரு சீனியர் சிட்டிசன் ஸ்டூடண்ட், அவ்வளவுதான். "இவருக்கு நீ பாடம் சொல்லிக்கொடு"ன்னு பெஞ்ஞா ஃபேபர்கிட்ட ஒப்படைச்சார். 23 வயசுப் பையன் 38 வயசு ஆளுக்கு டியூஷன்.

ஃபேபர் நல்லாப் படிக்கிற, சாதுவான, எல்லாருக்கும் பிடிச்ச பையன். வெளியே பார்க்கிறவங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. உள்ளே நிலைமை வேற. அவர் 1542-ல எழுத ஆரம்பிச்ச குறிப்பேடு ஒண்ணு இருக்கு, 'மெமோரியாலே'ன்னு பேரு. அதுல அவரே பின்னோக்கிப் பார்த்து சொல்றார். செஞ்ச பாவத்தையெல்லாம் சரியாச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணினோமா, எதையாவது விட்டுட்டோமாங்கிற சந்தேகம் விடவே இல்லையாம். வேண்டாத எண்ணங்கள், அது வந்துடுச்சேன்னு பயம், பயந்ததாலேயே திரும்ப அதே எண்ணம். இது தீரும்னா பாலைவனத்துக்குப் போய் காலம் பூரா இலையும் கிழங்கும் தின்னுக்கிட்டு இருக்கவும் தயாரா இருந்தாராம். 12 வயசிலேயே ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தப்ப கற்பு விரதம் எடுத்த பையன் அவர். பக்தி இல்லாம வந்த பிரச்சினை இல்லை இது.

இதோட 'அடுத்து என்ன பண்றது'ங்கிற குழப்பம் வேற. ஒரு நேரம் கல்யாணம் பண்ணிக்கலாம்னு தோணுமாம். ஒரு நேரம் டாக்டர், ஒரு நேரம் வக்கீல், அப்புறம் வாத்தியார், அப்புறம் இறையியல் பண்டிதர், அப்புறம் சாதாரணச் சாமியார், அப்புறம் மடத்துத் துறவி. ஃபைனல் இயர்ல ஜிஆர்ஈயா, கேட்டா, பேங்க் எக்ஸாமா, கேம்பஸ்ல கிடைச்சதைப் பிடிச்சுக்கறதான்னு முழிச்ச எல்லாருக்கும் இந்த லிஸ்ட் புரியும். 500 வருஷத்துல பெயர்கள்தான் மாறியிருக்கு.

இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லாம அடைகாத்துக்கிட்டிருந்தவர், டியூஷன் படிக்க வந்த அந்த 38 வயசு ஆள்கிட்ட சொன்னார். ஏன் அவர்கிட்ட? அதுக்கு ஒரு ஏழு வருஷம் பின்னாடி போகணும்.

1521 மே மாசம் பம்ப்லோனாங்கிற ஊர்ல நடந்த சண்டையில பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியாருக்குக் கால் போச்சு. படுக்கையில கிடந்தப்போ புத்தகம் படிச்சு மனம் திரும்பினார்ங்கறது ஊரறிஞ்ச கதை. அந்தக் கதையைச் சொல்றவங்க அடுத்த வருஷத்தை வேகமாத் தாண்டிப் போயிடுவாங்க. எனக்கு அந்த அடுத்த வருஷம்தான் முக்கியம்.

1522-ல அவர் மொன்செராட்ங்கிற மலைக்கோயில்ல மூணு நாள் எடுத்து, எழுதி வச்சு, வாழ்நாள் பாவம் மொத்தத்தையும் அறிக்கை பண்ணினார். அதோட முடிஞ்சிருக்கணும். பக்கத்துல மன்ரேசாங்கிற ஊருக்குப் போய் தங்கினதும் ஆரம்பிச்சது. ஏதாவது விட்டுட்டோமோ? விட்டதா நினைச்சதைப் போய்ச் சொல்லுவார். சொன்னதைச் சரியாச் சொன்னோமான்னு சந்தேகம் வரும். திரும்பப் போவார். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் முழந்தாள் போட்டு ஜெபம். நடுராத்திரி எழுந்து ஜெபம். நகம் வெட்டலை, முடி வெட்டலை. எதுக்கும் அடங்கலை.

ஒரு பாதிரியார் சொல்லிப் பார்த்தார்: பழசையெல்லாம் இனிமே அறிக்கை பண்ணாதே, ரொம்பத் தெளிவாத் தெரிஞ்ச பாவமா இருந்தா மட்டும் சொல்லு. நல்ல யோசனை மாதிரி இருக்கா? இஞ்ஞாசியாருக்கு எல்லாமே ரொம்பத் தெளிவாத்தான் தெரிஞ்சது! அந்த 'இருந்தா மட்டும்' போட்ட ஓட்டை வழியா எல்லாம் உள்ளே வந்துடுச்சு. (கண்டிஷன் தப்பா எழுதின லூப், நிக்கவே நிக்காது. நம்ம தொழில்காரங்களுக்குப் பழக்கமான வலி.) 'எந்தப் பழைய பாவத்தையும் சொல்லவே கூடாது'ன்னு யாராவது கறாரா உத்தரவு போட்டா குணமாகும்னு அவருக்கே தோணியிருக்கு. ஆனா அதைப் பாதிரியார்கிட்ட கேக்க தைரியம் வரலை. இந்த இடத்தை முதல் தடவை படிச்சப்ப நான் புத்தகத்தை மூடி வச்சுட்டேன்.

உயிரை விட்டுடலாம்ங்கிற எண்ணம் திரும்பத் திரும்ப வந்ததுன்னும் அவர் மறைக்காம சொல்லியிருக்கார். கடவுளுக்கு விரோதமா அதைச் செய்யமாட்டேன்னு கத்திக் கத்தி அதைத் தள்ளினாராம். அடுத்து, பிரச்சினை தீர்ற வரைக்கும் சாப்பிடமாட்டேன்னு ஞாயித்துக்கிழமையிலிருந்து அடுத்த ஞாயிறு வரைக்கும் பட்டினி. பாதிரியார் கண்டிச்சு சாப்பிட வச்சார். ரெண்டு நாள் நிம்மதி. மூணாம் நாள் பழைய கதை. கடைசியில ஒருநாள், இனிமே பழசு எதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்றதில்லைன்னு அவரே முடிவெடுத்தார். தூக்கத்துலருந்து முழிச்ச மாதிரி இருந்துச்சாம்.

நிற்க.

இந்தச் சந்தேக வியாதிக்கு லத்தீன்ல 'ஸ்க்ரூப்புலுஸ்'னு பேரு. கூர்மையான சின்னக் கல்லுன்னு அர்த்தம். செருப்புக்குள்ள மாட்டின கல்லு மாதிரி. வெளியே யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு அடிக்கும் நமக்குத் தெரியும். இன்னைக்கு மனநல மருத்துவத்துல இது எண்ணச் சுழல் நோய், அதாவது ஓ.சி.டி., எடுக்கிற பல வடிவங்கள்ல ஒண்ணு. சிலருக்குக் கை கழுவறது, சிலருக்குக் கதவு பூட்டினோமா, சிலருக்குப் பாவம். இதுக்கு மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு. பயிற்சியோட சாரம் என்னன்னா, பதட்டம் வரும்போது அதைத் தணிக்கிறதுக்காகப் பண்ற சடங்கைப் பண்ணாம இருந்து பழகறது. பதட்டம் ஏறும், அப்புறம் தானா இறங்கும். இஞ்ஞாசியாருக்கு இந்த வியாதிதான்னு 500 வருஷம் கழிச்சு நான் சீட்டு எழுதிக் கொடுக்க மாட்டேன், அதுக்கு நான் ஆளும் இல்லை. ஆனா மன்ரேசாவுல அவர் கடைசியாப் பிடிச்ச வழி இந்தப் பயிற்சிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு.

இப்ப என் கதை. சுருக்கமா.

2016, நாலாவது செமஸ்டர். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ற பழக்கம் சின்ன வயசுலருந்தே உண்டு. அந்த செமஸ்டர்ல ஜெபத்துக்கு நடுவுல ஏதாவது கெட்ட எண்ணம் வந்துட்டா, முதல்லருந்து ஆரம்பிக்கணும்னு ஆச்சு. முதல்ல ரெண்டு தடவை. அப்புறம் பத்து. அப்புறம் மூணு மணி வரைக்கும். மாற்கு 3:29-ல மன்னிப்பே இல்லாத பாவம்னு ஒண்ணு வருதில்லையா, அதை நான் பண்ணிட்டேன்னு ஒரு முடிவு. காலையில முதல் ரெண்டு பீரியட் தூக்கம், மெஸ்ல சாப்பாடு இறங்காது. மூணு அரியர்.

எங்க ஜெபக்குழுவுல ஒரு சீனியர் அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். "விசுவாசம் பத்தல தம்பி. மூணு நாள் உபவாசம் இரு. ஒண்ணு விடாம அறிக்கை பண்ணு"ன்னார். ஒண்ணு விடாம அறிக்கை பண்றதுதான் என் வியாதியே! அவர் மேல எனக்கு இப்பக் கோபம் இல்லை. அவருக்கும் 21 வயசுதான். தெரிஞ்ச ஒரே மருந்தை எடுத்துக் கொடுத்தார். ஆனா அந்த மூணு நாளை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்கும்.

என் ரூம்மேட் முத்துக்குளித்துறைப் பக்கத்துப் பையன், ஆர்.சி., மெக்கானிக்கல். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் முணுமுணுக்கிறதைக் கேட்டுட்டு ஒருநாள் போர்வையை விலக்கி, "ஏல, ஒரே ஜெபத்த எத்தன தடவ பண்ணுவ? அவருக்குக் காது கேக்காதா?"ன்னான். சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதுட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். அவன் ஒரு புத்திமதியும் சொல்லலை. "எங்க தாத்தா உபதேசியாரு, இந்த மாதிரி இருந்த ஒரு சாமியாரப் பத்திச் சொல்வாரு"ன்னு சொல்லி, அடுத்த தடவை ஊருக்குப் போய்ட்டு வரும்போது இஞ்ஞாசியார் வரலாறு புத்தகம் ஒண்ணு எடுத்துட்டு வந்தான். மன்ரேசா அத்தியாயத்துல நான் புத்தகத்தை மூடினேன்னு சொன்னேன்ல, அது இதுதான்.

சரி, பாரிசுக்குத் திரும்புவோம். ஏன்னா இஞ்ஞாசியார் குணமானதோட கதை முடியலை. தான் குணமான ஆளு அடுத்தவனை குணப்படுத்தறேன்னு கிளம்பினா என்ன ஆகும்ங்கற பாடமும் அவருக்கு இருந்தது.

அவருக்கே படிப்புக்கும் பக்திக்கும் முதல்ல ஒத்துப்போகலை. 1524-ல பார்சிலோனாவுல சின்னப் பசங்களோட உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் மனப்பாடம் பண்ணும்போது, புத்தகத்தைத் திறந்தாலே தெய்வீக எண்ணங்கள் பொங்கி வருமாம். ஜெபத்துல உட்கார்ந்தா அவ்வளவு வராது. படிக்கும்போது மட்டும்! இது ஆசீர்வாதம் இல்லை, படிப்பைக் கெடுக்க வந்த சோதனைன்னு கண்டுபிடிச்சார். வாத்தியாரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய், தின்ன ரொட்டியும் தண்ணியும் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு வருஷம் உங்க வகுப்பைத் தவற விடமாட்டேன்னு வாக்கு கொடுத்தார். பின்னாடி பாரிஸ்ல பெஞ்ஞாகிட்டயும் இதே வாக்கு. பக்தியா வர்ற எல்லாமே கடவுள்கிட்டருந்து வர்றது இல்லைன்னு ஒரு புனிதரே சொல்றது எனக்குப் பெரிய ஆறுதலா இருந்தது.

பாரிஸ்ல அவர் முதல்ல படிச்சது மொந்தேகுங்கிற கல்லூரி. கண்டிப்புக்குப் பேர்போன இடம். 1495 வாக்கில் அங்க இருந்த எராஸ்மஸ் பின்னாடி அங்கே போட்ட அழுகின முட்டையைப் பத்தி எழுதித் தீர்த்திருக்கார். கால்வினும் அங்கே படிச்சவர்தான், இஞ்ஞாசியார் வர்ற காலத்தையொட்டிக் கிளம்பிட்டார். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தமும் கத்தோலிக்க சீர்திருத்தமும் ஒரே மெஸ்ல சாப்பிட்டிருக்கு. எங்க ஹாஸ்டல் மெஸ்ஸை இனிமே குறை சொல்லமாட்டேன்.

1529-ல, ஃபேபர் அறைக்கு வர்றதுக்கு முன்னாடி, இஞ்ஞாசியார் தன்னோட ஆன்மப் பயிற்சிகளை மூணு ஸ்பானிய மாணவர்களுக்குக் கொடுத்தார். பலன்? மூணு பேரும் புத்தகம் உட்பட எல்லாத்தையும் தானம் பண்ணிட்டு, பிச்சை எடுத்துக்கிட்டு, ஏழைகள் தங்கற ஒரு விடுதிக்குக் குடிபோயிட்டாங்க. கூடப் படிச்சவங்க ஆயுதத்தோட போய் அவங்களை இழுத்துட்டு வந்தாங்க. படிப்பை முடிங்க, அப்புறம் என்ன வேணா பண்ணுங்கன்னு சமாதானம் ஆச்சு. அதுல ஒருத்தர் சேந்த் பார்ப் மாணவர். அந்தக் கல்லூரித் தலைவர் கூவெயா, "என் பையனைப் பைத்தியமாக்கிட்டான், இந்தப் பக்கம் வந்தா எல்லார் முன்னாடியும் சவுக்கடி"ங்கிற அளவுக்குப் போனார்.

இஞ்ஞாசியாரைப் போற்றி எழுதறவங்க கூவெயாவை வில்லனாக்கிடுவாங்க. எனக்கு அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கறதாத்தான் படுது. நம்மகிட்ட படிக்க வந்த பிள்ளை திடீர்னு எல்லாத்தையும் விட்டுட்டுத் தெருவுல நின்னா, எந்தப் பிரின்சிபால் சும்மா இருப்பார்?

இந்தச் சூட்டோடதான் இஞ்ஞாசியார் அதே கல்லூரிக்கு மாணவரா வந்து சேர்ந்தார். இப்ப யாரும் உங்களைத் தொந்தரவு பண்றதில்லையேன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, நான் யார்கிட்டயும் கடவுளைப் பத்திப் பேசறதில்லை, அதான். கோர்ஸ் முடியட்டும், பழையபடி ஆரம்பிச்சுடும்ங்கிற மாதிரி பதில் சொன்னாராம். மனுஷனுக்குக் குசும்பு உண்டு.

அப்பதான் ஃபேபர் மனசைத் திறந்தார்.

அந்தப் பழைய இஞ்ஞாசியாரா இருந்தா உடனே முப்பது நாள் பயிற்சியில உட்கார வச்சிருப்பார். இப்ப அப்படிச் செய்யலை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாழ்நாள் முழுசுக்குமா ஒரு பாவசங்கீர்த்தனம். அதுக்கப்புறம் வாரம் ஒருமுறை பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும், தினம் கொஞ்ச நேரம் தன்னைத் தானே பார்த்துக்கறது. குறைகளை எல்லாம் மொத்தமா எதிர்த்து நிக்காம ஒண்ணு ஒண்ணா எடுத்துக்கறது. அந்தக் காலத்துல வாராவாரம்ங்கறது அதிகம்தான், ஒத்துக்கறேன். ஆனா நேரத்துக்கு நேரம் ஓடிக்கிட்டிருக்கிற ஒரு மனசுக்கு 'வாரத்துக்கு ஒண்ணு'ங்கறது ஒரு வேலி. நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

மத்தபடி? படிச்சாங்க. ஒண்ணா சாப்பிட்டாங்க. ஒரே பையில காசு வச்சுக்கிட்டாங்க. ஃபேபரும் சேவியரும் 1530-ல பட்டம் வாங்கினாங்க. ஃபேபர் இடையில ஊருக்குப் போய் ஏழு மாசம் வீட்டோட இருந்துட்டு வந்தார். ஆன்மப் பயிற்சியை அவருக்கு இஞ்ஞாசியார் கொடுத்தது 1534-ஆம் வருஷத் தொடக்கத்துல. நாலு வருஷத்துக்கு மேல தள்ளி வச்சிருக்கார். 1529-ல வாங்கின சூடுதான் காரணமா, மன்ரேசா ஞாபகமா, ரெண்டுமேவான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியலை. ஆனா ஒரு ரூம்மேட் கண் முன்னாடி துடிக்கும்போது, கையில 'மருந்து' இருந்தும் நாலு வருஷம் பொறுத்திருக்கறது லேசு இல்லை.

அப்படிப் பொறுத்தும் ஃபேபர் எல்லை மீறினார்! அந்தக் குளிர்காலம் செய்ன் ஆறே உறைஞ்சு, மேல வண்டி ஓடின குளிர். ஃபேபர் அறையில நெருப்பு மூட்டலை, ஆறு நாள் சாப்பிடவும் இல்லை. பார்க்க வந்த இஞ்ஞாசியாருக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஏழு நாள் பட்டினி கிடந்த ஆளாச்சே. பலே, இன்னும் ஒரு நாள் இருந்தா என் சாதனையைத் தொட்டுடுவேன்னு தட்டிக்கொடுக்கலை. நெருப்பு மூட்டு, சமைச்சுச் சாப்பிடுன்னு சொல்லிட்டார்.

அதே வருஷம் மே மாசம் ஃபேபர் குருவானார். ஆகஸ்ட் 15-ல மோன்மார்த்ர் குன்றுல ஏழு நண்பர்கள் சேர்ந்து வாக்கு எடுத்தாங்க. அந்தக் கூட்டத்துல அப்போ குருவா இருந்தவர் இவர் ஒருத்தர்தான், அதனால பூசை வச்சதும் இவர்தான். சேசு சபை அங்கேருந்துதான் கிளம்பினது.

இஞ்ஞாசியார் பின்னாடியும் இந்தப் பாடத்தை மறக்கலை. ஆன்மப் பயிற்சிப் புத்தகத்தோட கடைசியில சந்தேகங்களுக்குன்னே தனியாக் குறிப்பு எழுதியிருக்கார். ஒருத்தன் மனசு தடிப்பா இருந்தா அலகை இன்னும் தடிப்பாக்கப் பார்க்கும், மென்மையா இருந்தா இன்னும் மென்மையாக்கி உடைக்கப் பார்க்கும், அதனால எதிர்ப் பக்கமா நடந்து நடுவுக்கு வரணும்ங்கறது அதோட சாரம். மனசு மென்மையானவன்கிட்ட போய் "இன்னும் உன்னை ஆராய்ஞ்சு பாரு"ன்னு சொல்லக்கூடாதுன்னு இதைவிடத் தெளிவாச் சொல்ல முடியாது. (அதே குறிப்புல, இந்தச் சந்தேகம் கொஞ்ச காலம் இருந்தா ஆன்மாவுக்கு நல்லதுதான்னும் சொல்றார். மன்னிக்கணும் சாமி, இதுல எனக்கு உடன்பாடு இல்லை.) 1547-ல போர்ச்சுகல்ல கோயிம்ப்ரா கல்லூரி மாணவர்கள் கடுந்தவத்துல இறங்கினப்ப, அளவு வேணும், நிதானம் வேணும்னு நீளமா ஒரு கடிதம். 1548-ல பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு, ஜெப நேரத்தைக் குறை, நல்லாச் சாப்பிடு, வயித்தைக் கவனிச்சுக்கோன்னு இன்னொண்ணு. மன்ரேசாவுல கெடுத்துக்கிட்ட வயிறு அவருக்கே சாகிற வரைக்கும் படுத்திச்சு.

சி.எஸ்.ஐ. வீட்டுப் பையன் இவ்வளவு நேரம் கத்தோலிக்கக் கதையே பேசிட்டேன், அந்தப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். லூத்தரும் ஸ்டூடண்ட்தான். 1505-ல எர்ஃபர்ட்ல சட்டம் படிச்சுக்கிட்டிருந்தவர், இடி மின்னலுக்குப் பயந்து நேர்ந்துக்கிட்டு மடத்துல சேர்ந்தார். அங்கே மணிக்கணக்கா பாவ அறிக்கை பண்ணி, அவரோட குரு ஸ்டௌபிட்ஸையே களைச்சுப்போக வச்சார். அதே லூத்தர் 1530-ல, தன் வீட்டுல தங்கிப் படிச்ச வெல்லர்ங்கிற இறையியல் மாணவர் மனச்சோர்வுல விழுந்தப்ப எழுதின கடிதத்துல சொல்ற வைத்தியம்: தனியா இருக்காதே, நண்பர்களோட பேசு, சிரி, விளையாடு, கொஞ்சம் கூடவே குடி! லூத்தருக்கும் இஞ்ஞாசியாருக்கும் ஆகாது. ஆனா மனசு உடைஞ்ச ஒரு மாணவன் முன்னாடி வந்து நின்னா, ரெண்டு பேருமே "இன்னும் அதிகமா ஜெபம் பண்ணு"ன்னு சொல்லலை. (குடிக்கிற யோசனையை மட்டும் எங்க அம்மா கண்ணுல படாம வச்சிருக்கேன் :-))

எங்க ரூம்மேட் என்னைப் பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனது ஒரு மனநல மருத்துவர்கிட்ட. வெயிட்டிங் ஹால்ல யாராவது தெரிஞ்சவங்க வந்துடுவாங்களோன்னு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன். அவன் பக்கத்துல உட்கார்ந்து வேர்க்கடலை தின்னுக்கிட்டிருந்தான். டாக்டர் பேர் சொன்னார், மாத்திரை எழுதினார். அப்புறம், "ஜெபத்தை விடச் சொல்லலை. ஒரு ராத்திரிக்கு ஒரு ஜெபம். நடுவுல என்ன எண்ணம் வந்தாலும் ஆமென் சொல்லிட்டுப் படுத்துடணும். தப்பா முடிஞ்ச மாதிரி இருக்கும். அப்படியே இருக்கட்டும்"னார். முதல் வாரம் நரகம். அம்மாவுக்கு மாத்திரைன்னதும் அதிர்ச்சி, "பாஸ்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல"ன்னு ஆரம்பிச்சாங்க. அப்பாதான், "சுகருக்கு நீ மாத்திரை போடலையா"ன்னு ஒரே வரியில முடிச்சார். அரியர் மூணுல ரெண்டு அடுத்த செமஸ்டர்லயே போச்சு. மூணாவது கணக்கு பேப்பர், அதுக்கும் மனநலத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஃபேபர் முழுசா குணமாயிட்டார்னு சொன்னா அது பொய். அந்தக் குறிப்பேட்டுல 1540-கள்லயும் மனசு ஏறி இறங்கறதை எழுதிக்கிட்டே இருக்கார். ஆனா அந்த மனசோடவே ஜெர்மனி, ஸ்பெயின், போர்ச்சுகல்னு நடந்தே அலைஞ்சார். ஆன்மப் பயிற்சியை அடுத்தவங்களுக்குக் கொடுக்கறதுல இவரை மிஞ்ச ஆள் இல்லைங்கறது இஞ்ஞாசியாரோட கணிப்பு. திரெந்து நகரத்துத் திருச்சபைச் சங்கத்துக்குக் கூப்பிட்டு விட்டாங்க. போற வழியில ரோம் வந்து சேர்ந்தவர், 1546 ஆகஸ்ட் 1-ல அங்கேயே இறந்துட்டார். வயசு 40. 2013 டிசம்பர்ல போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர்னு அறிவிச்சார்.

சேவியர்? அவர் 1541-ல லிஸ்பன்ல கப்பல் ஏறினவர், பழைய ரூம்மேட் யாரையும் திரும்பப் பார்க்கலை. நண்பர்கள் எழுதின கடிதங்கள்லருந்து அவங்க கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, கூடவே வச்சுக்கிட்டுத் திரிஞ்சார்னு அவரே 1546-ல எழுதியிருக்கார். மலாக்காவிலருந்து இந்தியா திரும்பும்போது மூணு நாள் புயல்ல கப்பல் மாட்டிக்கிச்சு. 1548 ஜனவரியில கொச்சியிலருந்து எழுதின கடிதத்துல, அந்தப் புயல்ல யார் யாரை நினைச்சு வேண்டிக்கிட்டேன்னு சொல்லும்போது ஃபேபரையும் சொல்றார். அப்போ ஃபேபர் இறந்து ஒன்றரை வருஷம் ஆயிருந்தது. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பயந்து நடுங்கின அந்த ரூம்மேட்டைத்தான் நடுக்கடல்ல கூப்பிட்டிருக்கார்.

எங்க ஆளும் இப்ப கப்பல்லதான், இன்ஜின் ரூம்ல வேலை. சிக்னல் கிடைக்கிற துறைமுகத்துலருந்து எப்பவாவது கூப்பிடுவான். போன வாரம் கூப்பிட்டான். எடுத்ததும் வழக்கம்போல அதே கேள்வி.

"ஏல, ஒழுங்கா தூங்குதியா?"

"தூங்குதேன்டே."

அப்புறம்தான் மத்த பேச்செல்லாம்.